எல்லாம் வாயால் வந்தது

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. முதல் கல்யாணம் முறிந்து, கோர்ட் வேலையெல்லாம் முடிந்து, திருவொற்றியூரில் அம்மாவோடு இருந்தேன். எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட் அலுவலகத்தில் வேலை. உள்ளே வரும் ட்ரெய்லர்களுக்கு இடம் சொல்வது, வெளியே போகிறவற்றைச் சரிபார்ப்பது, இரண்டுக்கும் நடுவே டிரைவர்களோடு கத்துவது. இதுதான் என் பிழைப்பு. கத்துவதில் நான் கெட்டிக்காரி.

அவர் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின்களுக்கு மெக்கானிக். என்னைவிட மூன்று வயது மூத்தவர். எங்கள் யார்டு ஜெனரேட்டர் படுத்துக்கொண்ட ஒரு நாள் அதைப் பார்க்க வந்தார். முழங்கை வரை கிரீஸ். சட்டைப் பையில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. என்னைக் கூப்பிட்டு, "கொஞ்சம் எடுத்துக் காதுல வையேன்மா, கை கலீஜா கீது" என்றார். எடுத்து வைத்தேன். மறுமுனையில் அவருடைய தங்கை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தாள். போனைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. அவர் "வாணாம், நானே பாத்துக்கிறேன்" என்று சொன்னபோது கண் என் மேல் இருந்தது. அந்த ஜெனரேட்டர் அதற்குப் பிறகு அடிக்கடி ரிப்பேர் ஆனது. யார்டு மேனேஜருக்கு மட்டும்தான் ஏன் என்று புரியவில்லை.

பீச் ஸ்டேஷன் பக்கம் நின்றுகொண்டே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடுவதில் தொடங்கிய பழக்கம், பதிவுக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்பதில் வந்து நின்றது. இரண்டு வீட்டிலும் யாரும் தடை சொல்லவில்லை. எனக்கு இது இரண்டாவது, அவருக்கு முதல் என்பதில் அவருடைய சித்தப்பா ஒருவர் மட்டும் கொஞ்சம் முகத்தைத் தூக்கினார். தங்கை பேசியே சித்தப்பாவை வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அவர் ராயபுரத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக வாடகைக்கு இருந்தார். நான் அங்கே போய் வருவேன். கல்யாணத்துக்கு முன்னால் வயிற்றில் பிள்ளை வந்துவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். தெரு பேசுவதை ஏற்கெனவே ஒருமுறை கேட்டு முடித்தவள் நான். அதனால் எங்கள் நெருக்கம் வாய்வழி உறவோடு நின்றது. வாய்வழி உறவு என்ற சொல்லே அன்றைக்கு எங்களிடம் கிடையாது. 'அது' என்போம். 'அது'வில் கர்ப்பம் இல்லை. கர்ப்பம் இல்லாத இடத்தில் நோயும் இருக்காது என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். ஆணுறை விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான். ஆனாலும் அவை வேறு யாருக்கோ சொல்லப்பட்டவை என்ற நினைப்பு.

அவருக்கு ஒரு தொந்தரவு உண்டு. நாள் முழுக்க வெயிலில் படகுமேல் நின்று வேலை செய்தால் காய்ச்சல் அடிக்கும். கூடவே உதட்டோரத்தில் கொத்தாகச் சின்னச் சின்னக் கொப்புளம் வரும். சின்ன வயதிலிருந்தே இருக்கிறதாம். தூக்கத்தில் ஏதோ பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது என்பார். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். நானும் அதற்கு மேல் யோசித்ததில்லை.

ஒரு வெயில் காலத்தில் எனக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. தொடையிடுக்கில் நெறி கட்டியது. மறுநாள் சிறுநீர் கழிக்க உட்கார்ந்தால் உயிர் போனது. கேட் அலுவலகத்தில் என் சத்தம் குறைந்ததைப் பார்த்து டிரைவர்களே உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். மருந்துக் கடையில் நீர்க்கடுப்பு என்று சொல்லி மாத்திரை வாங்கி விழுங்கினேன். ஒன்றும் கேட்கவில்லை. அம்மா, எல்லாம் சூடு என்று தீர்ப்பு சொல்லி, கால் கட்டைவிரலில் விளக்கெண்ணெய் தடவி, பார்லித் தண்ணீரைக் குடம் குடமாகக் கொடுத்தாள். குடிக்கக் குடிக்கப் போக வேண்டியிருந்தது. போகப் போக வலித்தது.

கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் கொப்புளங்கள் தெரிந்தன. அம்மாவிடம் கொப்புளம் என்று மட்டும் சொன்னேன். அவள் உடனே, அது அக்கி, சாத்தாங்காட்டுப் பக்கம் ஒருவர் செம்மண் குழைத்து அக்கி எழுதுவார், மூன்று நாள் எழுதினால் போய்விடும், இப்போதே ஆட்டோ பிடிக்கலாம் என்றாள்.

"எந்த எடத்துலடி வந்துகீது?"

சொன்னேன். அம்மா மாட்டிய செருப்பைக் கழற்றினாள். "அப்ப ஆட்டோ வாணாம்" என்றாள். அத்தனை வலியிலும் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தபோதும் வலித்தது.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. பயத்தோடு சந்தேகமும் வந்தது. கல்யாணம் முறிந்த பிறகு எனக்கு இந்த ஆளைத் தவிர வேறு யாரும் இல்லை. அப்படியென்றால் இது இவரிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். இவருக்கு எங்கிருந்து வந்தது? துறைமுகத்து ஆட்கள், எப்போதும் படகு, எப்போதும் வெளியே என்று மனம் கண்டபடி ஓடியது. மறுநாளே காசிமேட்டில் மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் ஒரு டீக்கடை ஓரத்தில் வைத்து, வேறு எவளோடு பழக்கம் என்று நேராகக் கேட்டுவிட்டேன். கேட் அலுவலகக் குரலில் கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

அவர் முகம் சுருங்கிப்போனது. அப்படி எதுவும் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். நான் விடவில்லை. அப்போது அவருக்கும் கோபம் வந்து, உன் பழைய புருஷன் விட்டுட்டுப் போனதாக இருக்கும், என்னைப் போய் கேட்கிறாய் என்றார். நான் ஷேர் ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்து, பதிவுக் கல்யாணம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுத்த டம்ளர் பார்லித் தண்ணீரை நீட்டினாள்.

வலி தாங்காமல் கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். பால்வினை நோய்ப் பிரிவு என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்ததும் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டேன். உள்ளே பெஞ்சில் எல்லாரும் ரேஷன் கடைக்கு வந்தவர்கள்போலச் சாதாரணமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் பேப்பரைத் தாழ்த்தியபோது பார்த்தால், எங்கள் யார்டுக்கு வாரம் தவறாமல் வரும் ட்ரெய்லர் டிரைவர், என்னிடம் அதிகம் திட்டு வாங்குகிறவர். துப்பட்டாவுக்கு வெளியே தெரிந்த கண்ணை வைத்தே அவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். இருவரும் ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினோம். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் கேட்டில் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை, நானும் அவரிடம் உயர்த்தியதில்லை.

டாக்டர் என் வயதுக்காரப் பெண். எனக்கு முந்தின ஆளுக்கு எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, சொல்லும்மா என்றார். காய்ச்சல், நெறி, எரிச்சல், கொப்புளம் எல்லாம் சொன்னேன். பரிசோதித்தார். பிறகு உறவு எப்படி என்று கேட்டார். உறவே இல்லை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றேன்.

"வாய்வழியா?"

அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். 'அது'வுக்கு ஒரு பெயர் இருந்தது, அதை ஒரு பெண் வாய் கூசாமல் சொல்லவும் முடிந்தது.

"அது கணக்குல வருமா மேடம்?"

"வைரஸுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதும்மா" என்றார். பிறகு, "கட்டிக்கப் போறவருக்கு உதட்டுல எப்பவாவது கொப்புளம் வருமா?"

வரும் என்று தலையாட்டினேன். கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டார். எண்ணிப் பார்த்தேன். எனக்குக் காய்ச்சல் வந்ததற்கு முந்தின வாரம்தான் அவர் உதட்டில் எண்ணெய் மினுமினுத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் விளக்கினார். இதன் பெயர் ஹெர்பிஸ். உதட்டில் வருகிற வகை பெரும்பாலும் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே ஒட்டிக்கொள்வது. அத்தையோ மாமாவோ கொடுத்த முத்தத்தில் வந்திருக்கும். வந்த பிறகு நரம்பில் போய்ப் பதுங்கிக்கொள்ளும், வெயில், காய்ச்சல், அலைச்சல் என்றால் எழுந்து வரும். அந்தச் சமயத்தில் அந்த உதடு எங்கே படுகிறதோ அங்கே தொற்றும். கொப்புளம் இல்லாத நாட்களில்கூடக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. அவர் யாரிடமும் போயிருக்க வேண்டிய அவசியமே இல்லை. கொப்புளத்திலிருந்து பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துச் சோதித்தால் எந்த வகை என்று உறுதியாகிவிடும் என்று சொல்லி, எடுத்துக்கொண்டார். வைரஸுக்கான மாத்திரை எழுதினார். புண் ஆறிவிடும், வைரஸ் முழுசாகப் போகாது, ஆனால் இந்த வகை கீழே வந்தால் மறுபடி மறுபடி வருவது குறைவு என்றார். நாளைக்குக் கர்ப்பமானால் பிரசவம் பார்க்கிற டாக்டரிடம் மறக்காமல் இதைச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

எனக்கு எச்.ஐ.வி. பயம் இருந்தது. கேட்டேன். வாய்வழியில் அது தொற்றுவது மிக மிக அரிது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது என்றார். கொனோரியா என்கிற வெட்டை நோய், சிபிலிஸ் போன்றவைதான் வாய்வழியாகச் சுலபமாகப் போகும், தொண்டையில் இருந்தாலும் பலருக்கு ஒன்றுமே தெரியாது, அதனால் இருவரும் சேர்ந்து வந்து ஒருமுறை எல்லாம் பார்த்துவிடுவது நல்லது என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் காசிமேட்டுக்குப் போனேன். கரையில் கட்டியிருந்த ஒரு படகின் இன்ஜின் அறைக்குள் அவர் தலைகீழாகக் கிடந்தார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. கால்களைப் பார்த்துச் சொன்னேன்:

"யோவ், எல்லாம் உன் வாயாலதான் வந்துச்சு."

கால்கள் அசையவில்லை. உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "நான் இன்னா பேசினேன்? நீதான ஊரே கேக்கறா மாதிரி கத்துன. நான் பேசினது ஒரே வார்த்த. அதுக்கும் மன்னிப்பு கேக்கலாம்னுதான் நெனச்சிகினு கீறேன்."

"பேச்ச சொல்லல. வாயத்தான் சொல்றேன். உதடு."

அப்போது தலை வெளியே வந்தது. உதட்டோரத்தில் பழைய கொப்புளத்தின் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. படகின் விளிம்பில் உட்கார வைத்து டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். கேட்கக் கேட்க அவர் கையில் இருந்த துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கிரீஸ் மீசை வந்துவிட்டது. முடித்ததும், என்னால்தான் உனக்கு இவ்வளவு வலியா என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. பூச்சியின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்த ஆளிடம் எப்படிக் கோபப்படுவது? தெரியாமல் நடந்தது, நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன், சரிக்குச் சரி என்றேன். பழைய புருஷன் என்று சொன்னதற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். டீக்கடையில் கத்தியதற்கு நான் கேட்டேன். பிறகு அதே டீக்கடைக்குப் போய் டீ குடித்தோம். ஆற்றுகிறவர் எங்களைச் சேர்த்துப் பார்த்ததில் ரொம்ப நிம்மதியானவர்போல் தெரிந்தார்.

அடுத்த முறை டாக்டரிடம் இருவருமாகப் போனோம். அவர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வந்திருந்தார். பரிசோதனையில் அது உதட்டு வகை வைரஸ்தான் என்று வந்திருந்தது. இரண்டு பேருக்கும் ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். பிறகு வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையிலும் குச்சியால் தடவி எடுத்தார்கள். சிறுநீரிலேயே தெரிந்துவிடாதா என்று அவர் கேட்டார். தொண்டையில் இருப்பது சிறுநீர்ச் சோதனையில் தெரியாது, எங்கே பட்டதோ அங்கேதான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அதை அவர் சட்டென்று ஒப்புக்கொண்டார். எந்தக் குழாயில் அடைப்போ அந்தக் குழாயைத்தான் கழற்ற வேண்டும் என்று என் காதில் சொன்னார்.

இனிமேல் என்ன செய்வது என்று கேட்டோம். டாக்டர் அடுக்கினார். உதட்டில் சுருசுருவென்று தொடங்கும்போதே 'அது'வை நிறுத்திவிட வேண்டும், பொருக்கு உதிர்ந்து தோல் முழுக்க ஆறும்வரை முத்தமும் கிடையாது. இருவரில் யாருக்கு எங்கே புண் இருந்தாலும் அப்படித்தான். ஈறில் ரத்தம் கசிந்தால், வாயில் வெட்டு இருந்தால் வேண்டாம். முன்னதாகப் பல்லைப் போட்டுத் தேய்த்துவிட்டு வருவது சுத்தம் என்று நினைப்போம், அதில் ஈறு கீறி வழி உண்டாகும், வெறும் தண்ணீரில் கொப்பளித்தால் போதும். மவுத்வாஷ் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். ஆணுக்குச் செய்யும்போது ஆணுறை, அதுவும் தொடங்குவதிலிருந்தே. எண்ணெய் கிட்டேயே வரக் கூடாது, பட்டால் ரப்பர் கிழிந்துவிடும். தேங்காய் எண்ணெய்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

பெண்ணுக்குச் செய்யும்போது என்ன போடுவது என்று கேட்க எனக்குத்தான் தைரியம் வந்தது. அதற்கென்று மெல்லிய ரப்பர் விரிப்பு இருக்கிறது, நம் பக்கத்துக் கடைகளில் கிடைப்பது கஷ்டம் என்று சொன்ன டாக்டர், மேசையிலிருந்த ஒரு ஆணுறையைப் பிரித்து, கத்திரிக்கோலால் நுனியையும் அடி வளையத்தையும் வெட்டி, நீளவாக்கில் ஒரு கீறு கீறிப் பிரித்தார். கையில் ஒரு சதுரம் வந்தது. இதை நடுவே வைத்துக்கொண்டால் போதும், ஒரு பக்கம் பட்டதை மறுபக்கம் திருப்பிவிடக் கூடாது, ஒருமுறைக்கு ஒன்று என்றார்.

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கேஸ்கெட் மேடம். ஆயில் கசியாம இருக்க இன்ஜினுக்கு நான் டெய்லி வெட்றேன்."

டாக்டர் அதுவரை சிரிக்காமல் இருந்தவர். அன்றைக்குச் சிரித்துவிட்டார்.

மஞ்சள் காமாலை பி வகைக்குத் தடுப்பூசியை இருவருக்கும் அங்கேயே தொடங்கினார்கள். எச்.பி.வி. என்று இன்னொரு வைரஸ் இருக்கிறது, அது வாய்வழியாகத் தொண்டைக்கும் போய்ப் பல வருடம் கழித்துப் புற்றுநோயாகலாம், அதற்கு ஊசி இருக்கிறது, சின்ன வயதிலேயே போட்டால்தான் முழுப் பலன் என்றார். என் வயதில் பலன் குறைவு, யோசித்து முடிவு செய்யலாம், ஆனால் கர்ப்பப்பைவாய்ச் சோதனையை மட்டும் தள்ளிப்போடாதே என்றார்.

வரும் வழியில் தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் நின்றோம். நீ கேள், நீ கேள் என்று பத்து நிமிடம் போனது. கடைசியில் நான் போய் ஆணுறை கேட்டேன். கடைக்காரர் எங்களைப் பார்க்காமலே, ஸ்ட்ராபெரியா சாக்லேட்டா என்று கேட்டார். பின்னால் நின்றிருந்த ஒரு பெரியவர் இருமல் மருந்துக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். சாக்லேட் என்றேன். கறுப்புக் கவரில் போட்டு, செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார். இவ்வளவு பாதுகாப்பு எங்களுக்கு முன்பே இருந்திருந்தால் நான் அத்தனை பார்லித் தண்ணீர் குடித்திருக்க மாட்டேன்.

சோதனை முடிவுகள் வந்தன. வேறு எதுவும் இல்லை. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. அம்மாவுக்கு ஏதோ வைரஸ் என்பதற்கு மேல் தெரியாது. தெரிந்துகொள்ள அவளும் கேட்கவில்லை. ஆனால் மாப்பிள்ளைக்கு வெயில் ஆகாது என்று எங்கிருந்தோ புரிந்துகொண்டு, ஒரு பெரிய தொப்பி வாங்கிக் கொடுத்தாள். அவர் இப்போது உதட்டுக்கு வெயில் படாமல் பூசுகிற களிம்போடுதான் படகில் ஏறுகிறார். மற்ற மெக்கானிக்குகள் முதலில் லிப்ஸ்டிக் என்று கேலி செய்தார்கள். இரண்டு பேர் பிறகு அது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்களாம்.

கல்யாணம் முடிந்த சில மாதத்தில் வியாசர்பாடியில் அவர் தங்கைக்கு இரண்டாவது பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனோம். வீடு முழுக்கச் சொந்தக்காரப் பெண்கள். தாய்மாமன் வந்துவிட்டான் என்று குழந்தையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அந்த வாரம் படகு வேலை அதிகம், அவருக்கு உதட்டில் தொடங்கியிருந்தது. அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு எட்டு பின்வாங்கினார். மாமன்காரனுக்குக் குழந்தையைத் தூக்கி ஒரு முத்தம் கொடுக்கக்கூட மனசு வரவில்லையா என்று ஒரு பெரியம்மா கேட்க, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"இது பூச்சி கடி இல்ல பெரீம்மா, வைரஸ். நம்மளுக்கு ஒரு வாரத்துல போய்டும். பச்சக் கொழந்தைக்கு வந்துச்சின்னா உசுருக்கே ஆபத்து. ஆறினப்புறம் வந்து ஆச தீரக் கொஞ்சிக்கிறேன்."

ஜன்னல் ஓரத்தில் இருந்த ஒரு அத்தை தன் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மடியில் வைத்திருந்த குழந்தைத் துணியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். அப்புறம் பேச்சு வேறு பக்கம் போய், மட்டன் பிரியாணி வந்தது.

அடுத்த வாரம் அவர் தங்கை எனக்கு யார்டுக்கே போன் செய்தாள். நலம் விசாரித்தாள். மூத்த மகளின் பள்ளியைப் பற்றிப் பேசினாள். எதையோ சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா தப்பா நெனக்க மாட்டீங்களே? அந்த வைரஸ் உங்களுக்கு எப்டித் தெரிஞ்சிது?"

நான் கேட் அலுவலகத்தின் ஜன்னலைச் சாத்தினேன். வெளியே ஒரு ட்ரெய்லர் ஹாரன் அடித்தது. இரு, வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மூத்தவளுக்குப் போட வேண்டிய எச்.பி.வி. ஊசியிலிருந்து ஆரம்பித்தேன். சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. நடுவே அவள் இரண்டு முறை சிரித்தாள், ஒரு முறை "அய்ய" என்றாள், கடைசியில் அந்த டாக்டர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டாள்.